போஸ்ட்கிரெஸ் எழும்போதெல்லாம் ஓடும் நிரல்: ஒரு பேக்கிரவுண்ட் வொர்க்கர் கட்டிய குறிப்புகள்

‘சர்வர் தொடங்கியதும் இதைச் செய்’ என்று போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளிடம் சொல்ல ஒற்றை வரிக் கட்டளை கிடையாது. ஆரக்கிளில் ‘ஆஃப்டர் ஸ்டார்ட்டப் ஆன் டேட்டாபேஸ்’ என்று ஒரு டிரிகர் (ஒரு சம்பவம் நடந்ததும் தானாக ஓடும் நிரல்) எழுதிவிடலாம். எஸ்க்யூஎல் சர்வரில் மாஸ்டர் டேட்டாபேஸில் ஒரு புரொசீஜரை வைத்து, எஸ்பி_புராக்ஆப்ஷன் மூலம் அதைத் தொடக்கப் புரொசீஜராகக் குறிக்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் இனிட்_ஃபைல் என்ற அமைப்பில் ஒரு எஸ்க்யூஎல் கோப்பைக் காட்டினால் முடிந்தது. மெமரி வகை டேபிள்களைத் தொடக்கத்தில் நிரப்ப அதன் கையேடே இந்த வழியைத்தான் சொல்கிறது. போஸ்ட்கிரெஸில் இதற்குக் கொஞ்சம் சி எழுதியாக வேண்டும். அப்படி எழுதியதைத்தான் இங்கே பதிகிறேன்.

தேவை இதுதான். ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடைக்கு நான் பராமரிக்கும் செயலியில் இருப்புச் சுருக்கம் என்று ஒரு டேபிள் உண்டு. எந்தக் கிடங்கில் எந்தப் பொருள் எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது என்பதைப் பேரேட்டிலிருந்து கூட்டி வைத்திருக்கும். பில் போடும் கவுண்டரில் இருப்பவர் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் பதில் வர வேண்டும் என்பதற்காக உண்டாக்கியது. ஒவ்வொரு பில்லுக்கும் அது மாறும். அதிலுள்ள எல்லாவற்றையும் பேரேட்டிலிருந்து மறுபடி கணக்கிட்டுவிடலாம் என்பதால், அதை அன்லாக்டு டேபிளாக வைத்திருக்கிறேன். அன்லாக்டு டேபிளில் நடக்கும் மாற்றங்கள் டபிள்யூஏஎல் என்னும் முன்பதிவுக் கோப்புகளில் எழுதப்படுவதில்லை. எழுத்து வேகம் கூடும். இன்னொரு கட்டடத்தில் மெதுவான இணைப்பில், முதன்மை சர்வரின் நகலாக ஓடும் ஸ்டாண்ட்பை சர்வருக்கு அனுப்ப வேண்டிய தரவும் குறையும்.

இதற்கு ஒரு விலை உண்டு. சர்வர் ஒழுங்காக நிறுத்தப்படாமல் விழுந்து எழுந்தால், அன்லாக்டு டேபிள்கள் அனைத்தும் காலியாகிவிடும். ஒவ்வொரு அன்லாக்டு டேபிளுக்கும் இனிட் ஃபோர்க் என்று ஒரு வெற்றுக் கோப்பு டிஸ்கில் இருக்கிறது. மீட்பின்போது அந்த வெற்றுக் கோப்பு, உண்மைக் கோப்பின் இடத்தில் நகலெடுக்கப்படும். டேபிள் இருக்கும், அதில் வரிகள் இருக்காது. செயலி எந்தப் பிழையும் காட்டாது. கவுண்டரில் மட்டும் ‘பொருள் இல்லை’ என்று வரும். பிழை காட்டி நின்றுவிடும் மென்பொருளைவிட, அமைதியாகத் தப்பான பதில் சொல்லும் மென்பொருள் மோசமானது. ஆகவே டேட்டாபேஸ் எழும்போதெல்லாம் அந்த டேபிள் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நிரப்பும் நிரல் ஒன்று தேவைப்பட்டது.

செயலியின் தொடக்கத்திலேயே இதைச் செய்யலாமே என்ற கேள்வி நியாயமானது. செயலி மூன்று மெஷின்களில் ஓடுகிறது; டேட்டாபேஸ் விழுந்து எழுந்தாலும் அவை எவையும் மறுதொடக்கம் ஆவதில்லை. இணைப்பு அறுந்தால் புது இணைப்பு எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில், சர்வர் தொடங்கிய பிறகு ஓட வேண்டிய கட்டளை என்று ஒரு ஸ்கிரிப்டைச் சேர்ப்பது அடுத்த யோசனை. பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த வழியில் உள்ள ஓட்டையைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

போஸ்ட்கிரெஸில் போஸ்ட்மாஸ்டர் என்ற தாய் புராசஸ் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் அது ஒரு குழந்தை புராசஸை உண்டாக்கும். நினைவகம் போதாமல் லினக்ஸ் கெர்னல் ஒரு குழந்தையை சிக்னல் 9 அனுப்பிக் கொன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இறந்தவன் பொது நினைவகத்தில் எதைக் கெடுத்துவிட்டுப் போனான் என்பது தெரியாது. எனவே போஸ்ட்மாஸ்டர் மற்ற எல்லாக் குழந்தைகளையும் நிறுத்தி, பொது நினைவகத்தைப் புதிதாக அமைத்து, மீட்பை ஓட்டி, மறுபடி கதவைத் திறக்கும். ரீஸ்டார்ட்_ஆஃப்டர்_கிராஷ் என்ற அமைப்பு இயல்பாகவே ‘ஆன்’ என்று இருப்பதால் நடப்பது இது. ஆனால் போஸ்ட்மாஸ்டர் சாகவே இல்லை. அதன் புராசஸ் எண் மாறவில்லை. சிஸ்டம்டியைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. அதனிடம் கொடுத்த ஸ்கிரிப்டு ஓடாது. அன்லாக்டு டேபிள்களோ காலி.

ஆகத் ‘தொடக்கம்’ என்று ஒரே சொல்லால் நாம் சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு சம்பவங்கள். சேவை தொடங்குவது ஒன்று. போஸ்ட்மாஸ்டர் உயிரோடிருக்க உள்ளே மட்டும் விழுந்து எழுவது இரண்டு. ஸ்டாண்ட்பை சர்வர் முதன்மையாக உயர்த்தப்படுவது மூன்று; அங்கே சேவை ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் உயர்த்திய நொடியில் அன்லாக்டு டேபிள்கள் எல்லாம் வெறுமையாகவே திறக்கும். (ஆரக்கிள்காரர்கள் இந்த மூன்றாவதற்கென்றே ‘ஆஃப்டர் டிபி_ரோல்_சேஞ்ச்’ என்று தனி டிரிகர் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.) மூன்றையும் பிடிக்கிற ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் 9.3 வெளிவந்த 2013 முதல் பேக்கிரவுண்ட் வொர்க்கர் என்ற வசதி இருக்கிறது; நாம் எழுதிய நிரலை சர்வரின் குழந்தை புராசஸாகப் பின்னணியில் ஓட்டுவது அது. ஷேர்டு_பிரீலோட்_லைப்ரரீஸ் என்ற அமைப்பில் ஒரு லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால், போஸ்ட்மாஸ்டர் தொடங்கும்போது அதை ஏற்றி, அதிலுள்ள _பிஜி_இனிட் என்ற ஃபங்ஷனை அழைக்கும். அங்கிருந்து ‘எனக்கு இப்படி ஒரு புராசஸ் வேண்டும்’ என்று பதிவு செய்துகொள்ளலாம். எத்தனை மணிக்கு என்றல்ல, எந்தக் கட்டத்தில் அது எழ வேண்டும் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். போஸ்ட்மாஸ்டர் எழுந்தவுடன், படிக்கத்தக்க சீரான நிலை வந்தவுடன், மீட்பு முழுவதும் முடிந்தவுடன் என்று மூன்று தேர்வுகள். நான் எடுத்தது மூன்றாவது. முதன்மையின் மாற்றங்களை ஓயாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும் ஸ்டாண்ட்பை சர்வரில் மீட்பு முடிவதே இல்லை என்பதால் அங்கே வொர்க்கர் எழாது; முதன்மையாக உயர்த்தியதும் எழும். மூன்று சம்பவங்களில் கடைசி ஒன்றை இந்த ஒற்றைத் தேர்வே தீர்த்துவிட்டது.

நான் வேலை செய்தது டெபியன் 12-இல், அதனுடன் வரும் போஸ்ட்கிரெஸ் 15-இல். கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் சர்வர்-டெவ் பொதியில் இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் நீட்சிகளைக் கட்ட உதவும் பிஜிஎக்ஸ்எஸ் என்ற கட்டமைப்பு இருப்பதால் மேக்ஃபைல் ஐந்தாறு வரிகளில் முடிகிறது. மாதிரிக்குப் படிக்க மூல நிரலில் சோதனை மாட்யூல்கள் இருக்கும் அடைவுக்குள் வொர்க்கர்_எஸ்பிஐ என்று ஒன்று இருக்கிறது. அதைவிட எனக்குப் பயன்பட்டது போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி_பிரீவார்ம் என்ற நீட்சி. 11-ஆம் பதிப்பிலிருந்து அதில் ஆட்டோபிரீவார்ம் என்ற வொர்க்கர் உண்டு. பஃபரில் (நினைவகத்தில்) டேபிள்களின் எந்தெந்தப் பக்கங்கள் இருந்தன என்று இடைவெளிவிட்டு ஒரு கோப்பில் குறித்துவைத்து, சர்வர் எழும்போது அவற்றை மறுபடி ஏற்றும். தொடக்கத்தில் வேலை செய்யும் நிரலை அதை எழுதியவர்களே எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

சி நிரலில் செயலியின் அறிவு எதுவும் இருக்கக் கூடாது என்பது முதலிலேயே எடுத்த முடிவு. சி பகுதி செய்வதெல்லாம் இவ்வளவுதான்: சிக்னல்களுக்கான கையாளிகளை வைத்து, தடுத்து வைக்கப்பட்டிருக்கும் சிக்னல்களைத் திறந்துவிடுவது, பெயர் சொன்ன டேட்டாபேஸில் பெயர் சொன்ன ரோலாக (டேட்டாபேஸ் பயனராக) இணைவது, டிரான்ஸாக்‌ஷன் தொடங்கி, சி நிரலிலிருந்து எஸ்க்யூஎல் ஓட்டும் எஸ்பிஐ வழியாகத் தொடக்க ஃபங்ஷன் ஒன்றை அழைத்து, கமிட் செய்வது (மாற்றங்களை உறுதிசெய்வது). அந்தத் தொடக்க ஃபங்ஷன், போஸ்ட்கிரெஸின் சொந்த நிரல் மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில், செயலியின் மற்ற எஸ்க்யூஎல் கோப்புகளோடு சேர்ந்து இருக்கிறது. நிரப்பும் விதம் மாறினால் அந்த ஃபங்ஷனை மாற்றினால் போதும். லைப்ரரியைத் தொட வேண்டாம், சர்வரை நிறுத்த வேண்டாம். சி பகுதியில் கைவைப்பதற்கு நான் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. வொர்க்கரில் சாதாரண எஸ்க்யூஎல் பிழை வந்தால் அந்த புராசஸ் 1 என்ற குறியீட்டோடு வெளியேறும். நாம் சொன்ன இடைவெளிக்குப் பிறகு போஸ்ட்மாஸ்டர் அதை மறுபடி எழுப்பும். ஆனால் தவறான பாயின்டர் ஒன்றால் அது செத்தால், சிக்னல் 9-க்கு நடந்த அதே கதைதான்: எல்லோருடைய இணைப்பும் அறும், மீட்பு ஓடும், எழுந்ததும் வொர்க்கரும் எழும், மறுபடி சாகும். சர்வர் தன்னைத் தானே சுற்றிச் சுற்றி வீழ்த்திக்கொள்ளும்.

முதல் வடிவம் எளிமையானது: எழு, ஃபங்ஷனை அழை, 0 குறியீட்டோடு வெளியேறு. சேவையை நிறுத்தி எழுப்பினேன், ஓடியது. ஒழுங்கு பார்க்காமல் சட்டென்று வெட்டும் இமீடியட் முறையில் நிறுத்தி எழுப்பினேன். டேபிள் காலியாகி, சில நொடிகளில் நிரம்பியது. பிறகு சோதனை மெஷினில் ஓர் இணைப்பின் புராசஸ் எண்ணைப் பார்த்து, சிக்னல் 9 அனுப்பினேன். எல்லா புராசஸ்களும் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்குவதாக லாகில் வந்தது. இணைப்புகளை ஏற்கத் தயார் என்ற வரியும் வந்தது. வொர்க்கர் வரவில்லை. டேபிள் காலியாகவே கிடந்தது.

காரணம் கையேட்டில் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது: 0 குறியீட்டோடு வெளியேறும் வொர்க்கரின் பதிவை போஸ்ட்மாஸ்டர் நீக்கிவிடும். உள்ளே விழுந்து எழும்போது போஸ்ட்மாஸ்டர் லைப்ரரிகளை மறுபடி ஏற்றுவதில்லை. அது அதே பழைய புராசஸ், லைப்ரரி ஏற்கெனவே அதன் நினைவில் இருக்கிறது. எனவே _பிஜி_இனிட் இரண்டாம் முறை அழைக்கப்படாது. பதிவு செய்துகொள்ள யாரும் இல்லை. ‘மறுபடி எழுப்பாதே’ என்று சொல்லிப் பதிவு செய்தாலும் இதே முடிவுதான். விழுந்து எழும்போது அந்த வகைப் பதிவுகளும் கழிக்கப்படும். மூல நிரலில் பிஜிவொர்க்கர்.சி கோப்பைப் படித்தால் இரண்டும் தெளிவாகத் தெரியும்.

அப்படியானால் வொர்க்கர் வேலையை முடித்த பிறகும் போகக் கூடாது. யாராவது எழுப்பும்வரை தூங்க உதவும் லாட்ச் ஒன்றில் காத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சர்வர் உள்ளே விழும்போது இதுவும் மற்றவர்களோடு கொல்லப்படும். மீட்பு முடிந்ததும், மறுதொடக்க இடைவெளி எதையும் எண்ணாமல் உடனே எழுப்பப்படும். ஃபங்ஷனை முதலிலிருந்து அழைக்கும். திருமணம் முடிந்த பிறகும் மண்டபத்துச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் தாய்மாமன் மாதிரி. காத்திருக்கும்போது போஸ்ட்மாஸ்டர் இறந்தால் தானும் வெளியேற வேண்டும் என்ற கொடியை மறக்காமல் சேர்க்க வேண்டும். 12-ஆம் பதிப்பிலிருந்து இதற்குத் தனிக் கொடியே இருக்கிறது.

இந்த மாற்றத்துக்குப் பிறகு சிக்னல் 9 சோதனையிலும் டேபிள் நிரம்பியது. அப்போது அடுத்த கேள்வி வந்தது. இணைப்புகளை ஏற்கலாம் என்று சர்வர் கதவைத் திறப்பதும் வொர்க்கர் எழுவதும் ஏறக்குறைய ஒரே நேரம். வொர்க்கர் முடிக்கும்வரை யாரையும் உள்ளே விடாதே என்று சொல்ல வழியில்லை. கவுண்டரிலிருந்து வரும் முதல் சில தேடல்கள் வெற்று டேபிளைத்தான் பார்க்கும். எழுந்ததும் டேபிளை முழுப் பூட்டில் வைத்துவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பூட்டைப் போடும் முன்னரே ஒருவர் நுழைந்துவிடலாம்.

இதற்குக் கண்ட வழிதான் இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரே ஒரு வரி இருக்கக்கூடிய ‘தயார்’ என்ற குறி டேபிளை உண்டாக்கி, அதையும் அன்லாக்டாக வைத்தேன். நிரப்பும் ஃபங்ஷன், இருப்புச் சுருக்கத்தை நிரப்பிய அதே டிரான்ஸாக்‌ஷனில் குறி டேபிளில் ஒரு வரியைச் சேர்க்கும். சர்வர் விழுந்தால் இரண்டு டேபிள்களும் சேர்ந்தே காலியாகும். ஒழுங்காக நிறுத்தினால் இரண்டும் சேர்ந்தே பிழைக்கும். குறி இருந்தால் சுருக்கத்தை நம்பலாம், இல்லையென்றால் நம்பக் கூடாது. யாரும் எதையும் அழிக்க வேண்டியதில்லை. தேடல் ஃபங்ஷன் முதலில் குறியைப் பார்க்கும். இல்லையென்றால் பேரேட்டிலிருந்தே கூட்டிப் பதில் சொல்லும். மெதுவாக இருக்கும், ஆனால் சரியாக இருக்கும். வொர்க்கரும் இதே குறியைத்தான் பார்க்கிறது. இருந்தால் எதையும் தொடாமல் காத்திருக்கப் போய்விடும். பிஜி_பேஸ்பேக்கப் எடுத்த நகலிலிருந்து மீட்கும்போதும் இதே ஏற்பாடு வேலை செய்கிறது. அந்த நகலில் அன்லாக்டு டேபிள்களின் உள்ளடக்கம் வராது, குறியும் வராது.

நிரப்பும்போதே பில் போட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? பேரேட்டில் ஒரு டிரிகர் இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் சுருக்கத்தைத் திருத்தும். குறி இல்லாத நேரத்தில் அந்த டிரிகர் எதுவும் செய்யாமல் விட்டுவிடும்படி மாற்றினேன். நிரப்பும் ஃபங்ஷன் முதலில் பேரேட்டின் மேல் ஷேர் வகைப் பூட்டைப் போடும். படிப்பவர்களை அது தடுக்காது, எழுதுபவர்களைத் தடுக்கும். ஏற்கெனவே பாதியில் இருக்கும் பில் முடியும்வரை ஃபங்ஷன் காத்திருக்கும். பிறகு கூட்டும்போது அந்த பில்லும் கணக்கில் வந்துவிடும். பூட்டுக்குப் பின்னால் காத்திருந்த பில், ஃபங்ஷன் கமிட் ஆனதும் தொடரும்; அதன் டிரிகர் குறியைக் காணும், சுருக்கத்தைத் திருத்தும். இவை அனைத்தும் ரீட் கமிட்டட் என்ற தனிமை நிலையில் ஒவ்வொரு கட்டளையும் தரவின் புதிய ஸ்னாப்ஷாட்டை எடுப்பதால் நடக்கின்றன. ஒரே ஸ்னாப்ஷாட்டைக் கடைசிவரை வைத்திருக்கும் ரிப்பீட்டபிள் ரீடில் செயலி ஓடுகிறதென்றால் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுக்கக் கூடாது.

எந்த ரோலில் ஓட்டுவது என்பதில் அலட்சியம் கூடாது. இணையும்போது ரோல் பெயரைக் கொடுக்காவிட்டால் வொர்க்கர், கிளஸ்டரை (இந்த சர்வரின் டேட்டாபேஸ் தொகுப்பை) உண்டாக்கிய, எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசராகவே ஓடும். தனி ரோல் ஒன்றை உண்டாக்கி, பேரேட்டைப் படிக்கவும் பூட்டவும், இரண்டு அன்லாக்டு டேபிள்களில் எழுதவும் தேவையான உரிமைகளை மட்டும் கொடுத்தேன். யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ விதிகள் வொர்க்கருக்குப் பொருந்தா, கடவுச்சொல்லும் கேட்கப்படாது. ஆனால் 15-ஆம் பதிப்பில் அந்த ரோலுக்கு லாகின் உரிமை இருந்தாக வேண்டும். கடவுச்சொல் வைக்காத லாகின் ரோலாக விட்டு, வெளியிலிருந்து அந்தப் பெயரில் வருவதை பிஜி_எச்பிஏ கோப்பில் மறுத்துவிட்டேன். ஃபங்ஷனை அழைக்கும்போது ஸ்கீமா பெயரோடு அழைப்பதும், ஃபங்ஷனுக்கென்று சர்ச்_பாத்தை (பெயர்களை எந்த ஸ்கீமாக்களில் தேடுவது என்ற அமைப்பை) நிலையாக அமைப்பதும் இதன் தொடர்ச்சி.

லைப்ரரியை இயக்கத்தில் சேர்க்கும் இடத்தில் ஒரு குழி இருக்கிறது. சோதனை மெஷினில் வேண்டுமென்றே விழுந்து பார்த்தேன். ஏற்கெனவே பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் என்ற வேறொரு லைப்ரரி ஏற்றப்பட்டிருந்தது. சர்வர் அமைப்புகளை மாற்றும் ஆல்டர் சிஸ்டம் கட்டளையில் இரண்டு பெயர்களையும் கமாவோடு ஒரே மேற்கோள் குறிக்குள் எழுதினால், போஸ்ட்கிரெஸ் அதை நடுவில் கமா கொண்ட ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். கட்டளை புகார் இல்லாமல் முடியும். அடுத்த மறுதொடக்கத்தில் அப்படி ஒரு கோப்பு இல்லை என்று சர்வர் எழவே மறுக்கும். எழாத சர்வரில் ஆல்டர் சிஸ்டம் மூலம் திருத்தவும் முடியாது. வழிகள் இரண்டு: டேட்டா அடைவில் உள்ள போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப் கோப்பைக் கையால் திருத்துவது, அல்லது தொடக்கக் கட்டளையிலேயே ஷேர்டு_பிரீலோட்_லைப்ரரீஸை வெறுமையாகக் கொடுத்து எழுப்புவது. கட்டளை வரியில் கொடுப்பது கோப்பில் இருப்பதை மீறும். சி நிரல் சாகும் சுழலில் சிக்கினாலும் வெளியேற இதே வழிதான். இந்தக் கட்டளையை முழுதாக எழுதி மெஷினிலேயே ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். சரியான எழுத்து முறை, ஒவ்வொரு பெயருக்கும் தனி மேற்கோள்.

ஓடத் தொடங்கிச் சில வாரங்களில் ஒரு தொல்லை தெரிந்தது. சோதனைச் சூழலில் டேட்டாபேஸை அழித்துப் புதிய நகலிலிருந்து உண்டாக்குவது வழக்கம். வொர்க்கர் அந்த டேட்டாபேஸோடு இணைந்தபடியே உட்கார்ந்திருப்பதால், பிறர் பயன்படுத்துகிறார்கள் என்று டிராப் டேட்டாபேஸ் மறுத்தது. ஒரு டேட்டாபேஸோடு இணைந்துவிட்ட வொர்க்கர் அதை விட்டு விலக வேண்டுமானால் வெளியேறித்தான் ஆக வேண்டும். வெளியேறினால் பதிவு போய்விடும்.

தீர்வு, ஆட்டோபிரீவார்ம் செய்வதைப் போல வேலையை இரண்டாகப் பிரிப்பது. எப்போதும் இருக்கும் லாஞ்சர் எந்த டேட்டாபேஸோடும் இணையாது. பொது நினைவக அனுமதி மட்டும் வைத்திருக்கும். அது எழுந்ததும், 9.4-இல் வந்த டைனமிக் பதிவு வசதியால் ஒரு குழந்தை வொர்க்கரை எழுப்பும். குழந்தை டேட்டாபேஸோடு இணைந்து, ஃபங்ஷனை அழைத்து, 0 குறியீட்டோடு போய்விடும். எஸ்க்யூஎல் பிழை என்றால் 1 குறியீடு. 60 நொடிக்குப் பிறகு போஸ்ட்மாஸ்டரே அதை மறுபடி எழுப்பும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: குழந்தை பாதி வேலையில் இருக்கும்போது சர்வர் விழுந்தால், எழுந்த பிறகு அந்தப் பழைய பதிவிலிருந்து ஒரு குழந்தையும், லாஞ்சர் புதிதாக எழுப்பும் இன்னொரு குழந்தையும் வரக்கூடும். ஃபங்ஷனின் முதல் வரியில் ஓர் அட்வைசரி பூட்டை (எந்த டேபிளையும் சாராமல் நாமே போடும் பூட்டை) வைத்தேன். பிந்தி வருவது காத்திருந்து, குறியைக் கண்டு, எதுவும் செய்யாமல் திரும்பும்.

வொர்க்கர்களின் எண்ணிக்கைக்கு மேக்ஸ்_வொர்க்கர்_புராசஸஸ் என்ற வரம்பு இருக்கிறது; இயல்பு மதிப்பு 8. போஸ்ட்கிரெஸின் சொந்த லாஜிக்கல் ரெப்ளிகேஷன் லாஞ்சர் ஒன்றை எடுத்துக்கொள்ளும், பேரலல் கேள்விகளும் இதே குவியலிலிருந்துதான் எடுக்கும். இடம் இல்லையென்றால் டைனமிக் பதிவு தோல்வி என்று மட்டும் சொல்லும். லாஞ்சர் அப்போது லாகில் எழுதிவிட்டு ஐந்து நொடி கழித்து மறுபடி முயலும்படி வைத்து, வரம்பையும் 12 ஆக்கினேன். இரண்டு வொர்க்கர்களுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்திருப்பதால் லினக்ஸின் புராசஸ் பட்டியலில் தெளிவாகத் தெரிகிறார்கள்.

சொந்த லைப்ரரியை ஏற்ற அனுமதிக்காத வாடகை டேட்டாபேஸ் சேவைகளில் இதில் எதுவும் ஆகாது. அங்கே அட்டவணைப்படி எஸ்க்யூஎல் ஓட்டும் பிஜி_கிரான் என்ற நீட்சி கிடைத்தால், அதன் அட்டவணையில் ‘அட் ரீபூட்’ என்று எழுதித் தொடக்க ஃபங்ஷனை அழைக்கலாம். அதன் வொர்க்கரும் எப்போதும் காத்திருக்கும் வகைதான். குறி டேபிள், டிரிகர், ஷேர் பூட்டு ஆகியவை எஸ்க்யூஎல் பக்கத்தில் இருப்பதால் அவற்றை மாற்ற வேண்டியதில்லை.

பிறகு 17-ஆம் பதிப்புக்கு மாறியபோது லைப்ரரியை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. ஒரு பெரிய பதிப்புக்குக் கட்டியதை அடுத்தது ஏற்காது. 17-இல் லாகின் உரிமை இல்லாத ரோலாகவும் வொர்க்கர் இணைய ஒரு கொடி வந்திருக்கிறது. அதைச் சேர்த்து, ரோலின் லாகின் உரிமையை எடுத்துவிட்டு, பிஜி_எச்பிஏவில் எழுதியிருந்த மறுப்பு வரியையும் நீக்கினேன்.